கத்திரி நின்ற இடம்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் உண்மையைச் சொல்வதில்லை. ஐடி கம்பெனி என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். தினமும் பஸ் பிடித்து சரவணம்பட்டிக்குப் போய், ஆறாவது மாடியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஜனங்கள் கொட்டும் 'ம்'களைத் தரம் பிரிக்கிறேன் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

எங்கள் செயலியின் பெயர் செவிவழி. பழைய சிறுகதைகளைப் படித்துக் காட்டும். படிப்பது மனிதரில்லை, கதைசொல்லி என்று நாங்கள் பெயர் வைத்த ஓர் இயந்திரம். இப்படிப் படிக்கிற இயந்திரங்கள் ஊரில் ஆயிரம் இருக்கின்றன. எங்களுடையதற்கு ஒரு தனிக்குணம் உண்டு. கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கதையை நிறுத்தி "கேக்குறீங்களா?" என்று கேட்கும். சின்ன வயதில் நமக்குக் கதை சொன்னவர்கள் எல்லாரும் செய்ததுதான். அதை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர் அடைக்கலராஜ். திருச்சிக்காரர், நல்ல மனிதர், தன் மூளை மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாசம்.

கதை ஓடும் நேரமெல்லாம் ஃபோனின் மைக்கில் விழும் சத்தத்தை, 'ம்'களோடு சேர்த்து, கதைசொல்லி பதிந்து வைக்கும். எந்த வாக்கியத்துக்கு எத்தனை 'ம்', எந்த மாதிரி 'ம்' என்று கணக்குப் போடும். சந்தேகமானவை என் மேசைக்கு வரும். மொத்தம் பதினான்கு வகை வைத்திருக்கிறேன். 'மேலே சொல்லு' என்கிற ம், 'இது எனக்கு முன்னாடியே தெரியும்' என்கிற ம், 'இவளுக்கு நல்லா வேணும்' என்கிற ம், பாதித் தூக்கத்து ம். ஆறாவது வகை, ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமல் சரியான இடத்தில் சரியாகக் கொட்டுகிற ம். அதற்கு ஃபைலில் என்னவோ பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் பிரிவில் அதற்கு 'திலகவதி வீட்டுக்காரர்' என்றுதான் பெயர். திலகவதி நான்தான். வீட்டுக்காரருக்கு இது தெரியாது, சொன்னாலும் ம் என்பார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் காந்திபுரத்தில் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் இருந்தேன். நான்கு ஆண்டுகள் பிறர் காதைச் சோதித்துப் பார்த்தவள். அதனால் எனக்கு ஒரு திமிர் உண்டு. ஒருவர் கேட்கிறாரா, கேட்பதுபோல் நடிக்கிறாரா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை என் மேசைக்கு ஒரு பெயர் வந்தது. சௌந்தரராசு, உடுமலைப்பேட்டை. பக்கத்தில் சிவப்பில் 'சந்தேகத்துக்குரிய கேட்பவர்' என்று இருந்தது. ஒரே கதையை இரண்டரை ஆண்டுகளில் நாற்பத்திரண்டு தடவை கேட்டிருக்கிறார். மனிதர் இப்படிக் கேட்க மாட்டார், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது இயந்திரத்தின் முடிவு. அதே பெயரில் ஒரு புகாரும் பதிவாகியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து நான் அவரைக் கூப்பிட்டேன்.

"வணக்கமுங்க. இங்க உடுமலைல சலூன் வெச்சிருக்கறனுங்க. உங்க கதை ஒண்ணை எம் புள்ளைக்கு அனுப்புனனுங்க. அது அங்க போயி வேற கதையாச் சொல்லியிருக்குதுங்க," என்றார்.

பொறுமையாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஒரே மகள், நித்திலா. கோவையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கூட வேலை பார்த்த பையனை இவரிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். தகவல் சொல்ல வந்தவளை, கடையில் ஆட்கள் இருக்கும்போதே, இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவளும் அப்பன் பிள்ளைதான், மிதிக்கவில்லை. இப்போது அவளும் மருமகனும் கத்தாருக்கு வேலைக்குப் போகிறார்கள். அடுத்த வியாழக்கிழமை விமானம். இதை யாரோ முடி வெட்ட வந்தவர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

மகளிடம் பேச வேண்டும் என்று தவித்திருக்கிறார். பேச வரவில்லை. தனக்குப் பிடித்த கதையின் இணைப்பை அனுப்பி, கேட்டுப் பாரு கண்ணு, நான் சொல்ல வந்தது இதுதான் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறார். மறுநாள் பதில் வந்தது. "இதைத்தான் சொல்ல வர்றீங்கன்னா, கேட்டுட்டேன்ப்பா."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக் கடைக்காரரின் ஃபோனில் அதே இணைப்பைத் திறந்து கேட்டபோதுதான் அது தன் கதை இல்லை என்று தெரிந்திருக்கிறது.

கதையின் பெயர் 'வெந்நீர்'. அறுபது ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் அரங்கமணி எழுதியது. சதாசிவம் என்று ஒரு தலைமை குமாஸ்தா. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் ஆறு வருடம் கழித்து, ஒரு மத்தியான மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நிற்கிறாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிறது. என்ன நடக்குமோ என்று நாம் பயந்துகொண்டிருக்கும்போது சதாசிவம் எழுந்து கொல்லைப்புறம் போய் அடுப்பை மூட்டுகிறார். மகள் பின்னாலேயே போய் நிற்கிறாள். அப்புறம் இரண்டே வாக்கியம். 'அவர் ஒன்றும் கேட்கவில்லை. அண்டாவின் அடியில் இன்னொரு விறகைத் தள்ளினார்.' அவ்வளவுதான் கதை.

நான் எங்கள் செயலியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 'வெந்நீ'ரைக் கேட்டேன். அக்கம்பக்கத்து வம்பு பத்து நிமிடத்துக்கு வளர்ந்திருந்தது. சதாசிவம் மானம், மரியாதை, வளர்த்த பாசம் என்று வாசலில் நின்று வெளுத்து வாங்கினார். மகள் அழுதாள். கதவு சாத்தப்பட்டது. கொல்லைப்புறமும் இல்லை, அடுப்பும் இல்லை. வெந்நீர் என்று பெயர் வைத்த கதைக்குள் ஒரு சொட்டு வெந்நீர் இல்லை. இதை இப்படி ஆக்கியதில் என் கையும் இருக்கிறது.

கதைசொல்லிக்கு ஓர் அனுமதி கொடுத்திருந்தோம். கேட்பவர்களுக்குப் பிடித்த இடத்தைக் கொஞ்சம் நீட்டலாம், பிடிக்காத இடத்தைக் கொஞ்சம் சுருக்கலாம். கதைகள் ஜனங்களோடு சேர்ந்து வளரட்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள், நாங்களும் கைதட்டினோம். சௌந்தரராசுவின் பழைய ஃபோனில் முதல் மாதத்திலேயே இறக்கி வைத்த கதை அப்படியே இருந்தது. அவர் எதையும் புதுப்பிக்கிற ஆளில்லை. அவர் கேட்டது அரங்கமணியின் கதை, மகள் கேட்டது ஜனங்கள் 'ம்' கொட்டி வளர்த்த கதை.

ஆனால் அந்த இரண்டு வாக்கியம் ஏன் போனது? பிடிக்காமலா போயிருக்கும்? முதல் மாதத்துப் பதிவுகளைத் தோண்டி எடுத்தேன். நாலாயிரத்துச் சொச்சம் பேர் கேட்டிருந்தார்கள். வம்புக்கு 'ம்', மழைக்கு 'ம்', மகள் வந்து நின்றதும் ஒரு குறுகிய 'ம்'. சதாசிவம் அடுப்பு மூட்டப் போனதும் 'ம்' குறைந்தது. விறகு வந்தபோது ஒன்றுகூட இல்லை. நாலாயிரம் பேரில் ஒருவர்கூட 'ம்' கொட்டவில்லை.

அடைக்கலராஜின் அறைக்குப் போனேன்.

"மௌனத்துக்கு எத்தனை மார்க் சார் போட்டிருக்கீங்க?"

"பூஜ்யம். ஆள் கேக்கலன்னா பூஜ்யம்தானே?"

"கேக்காதவனும், மூச்சு விடாமக் கேக்கறவனும் ஒண்ணா சார்?"

ஹெட்போனை அவரிடம் நீட்டினேன். அந்த இடத்தில் வந்த நாலாயிரம் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். நாலாயிரம் வீட்டு ஃபேன்கள், குக்கர்கள், தெருவில் போகும் வண்டிகள். அவற்றுக்கு நடுவே நாலாயிரம் பேர் சும்மா இருக்கும் சத்தம். கேட்டுவிட்டு அடைக்கலராஜ் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சின்ன வயதில் தன் அப்பா கதை சொல்லும்போது நல்ல கட்டத்தில் தானும் 'ம்' கொட்ட மறந்துவிடுவதுண்டு என்றும், அப்பா அதற்கு ஒருநாளும் நிறுத்தியதில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே போவார் என்றும் சொன்னார். இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அப்படி ஓர் இயந்திரத்தைச் செய்தேனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அப்ப மாத்திடலாம் சார். மௌனத்துக்கு நிறைய மார்க் குடுத்துடுங்க," என்றேன்.

"வேண்டாம் திலகவதி. நாளைக்கே அது வரிக்கு ஒரு ஆளைச் சாகடிச்சு ஜனங்க வாயை அடைக்கப் பாக்கும். நாம எதுக்கு மார்க் போட்டாலும் அது அதைத்தான் துரத்தும். கதையில கை வைக்காம இருக்கணும், அவ்வளவுதான். ஆனா மேல ஒத்துக்க மாட்டாங்க. 'ம்' மூணு மடங்காயிருக்குன்னு போன மாசம்தான் கேக் வெட்டினோம்."

அந்த கேக்கில் நானும் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தேன்.

சௌந்தரராசுவுக்குப் பழைய கதையை எடுத்து அனுப்பிவிடலாம், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் என்ன அனுப்பினாலும் இனி மகள் திறக்க மாட்டாள். திறந்தாலும் எதை நம்புவாள்? எந்தக் கதையில் அப்பா இருக்கிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இதை யோசித்துக்கொண்டே அவருடைய நாற்பத்திரண்டு பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன்.

அவர் ஃபோன் கடையில், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில் கிடக்கிறது போலும். கதைக்குப் பின்னால் எப்போதும் கத்திரிச் சத்தம். முடிவெட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தலையில் வெட்டாத நேரத்திலும் காற்றில் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். சீப்பு தலையில் போகும்போது ஒரு தாளம், காற்றில் இன்னொரு தாளம். அவருடைய கத்திரி நிற்கவே நிற்காது. ஆள் மாறும்போதும், யாருக்கோ பதில் சொல்லும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். விறகு வாக்கியம் வரும். கத்திரி நிற்கும். ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நாற்பத்திரண்டு தடவையும் நின்றிருந்தது. ஒருமுறை பதினொரு விநாடி.

அந்த இடத்தில் இயந்திரம் நாற்பத்திரண்டு தடவையும் ஒரே குறிப்பைத்தான் எழுதியிருந்தது. 'கேட்பவர் விலகிவிட்டார்.' நாற்பத்திரண்டையும் திருத்தினேன்.

சனிக்கிழமை நான் உடுமலைக்குப் போனேன். அனுப்பினவர்கள் யாரும் இல்லை, நானாகத்தான் போனேன். அதற்காகப் பின்னால் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினேன். ஊரார் சத்தங்களைக் காதில் போட்டுக்கொண்டு பிழைக்கிறவள், ஒருவர் சத்தத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் நேரில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை. இரண்டு நாற்காலி, சுவரில் காலண்டர், பவுடர் வாசனை. சௌந்தரராசுவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, மிகவும் சுத்தமான மனிதர். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து டீ சொன்னார். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தார். கதை ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஏதோ கதை. கழுத்தில் கத்தி இருக்கும்போது வாயைத் திறக்க முடியாதல்லவா, அந்த ஆள் திறக்காத வாயால் 'ம்' 'ம்' என்று கொட்டிக்கொண்டிருந்தார். பதினைந்தாவது வகை ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆள் போனதும் விஷயத்தைச் சொன்னேன். தப்பு எங்களுடையது என்று முதலில் சொன்னேன். அப்புறம் கத்திரி நிற்பதைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நானுங்களா? நிறுத்த மாட்டனுங்களே. ஆளில்லாட்டியுங்கூட கை சும்மா இருக்காதுங்க."

பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பேச்சு, இருமல், கத்திரி. சதாசிவம் கொல்லைப்புறம் போய் விறகைத் தள்ளினார். கத்திரி நின்றது. கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஃபேன் மட்டும். சௌந்தரராசு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் அது தன்னிடம் சொல்லாமல் எதையோ செய்துகொண்டிருந்தது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

நேரில் போய் மகளைப் பார்த்துவிடலாமே என்று கேட்டேன்.

"போலாமுங்க. போனா வாய் வேறெதையாச்சும் சொல்லிப்போடுமுங்க. அன்னிக்கும் அதுதான் நடந்துச்சு. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு. செவ்வாக்கெழமை எங்களுக்கு லீவுங்க. இருந்தாலும் ஷட்டரப் பாதி தூக்கிட்டு உள்ளதான் இருப்பனுங்க. அவ வந்தா ஆளில்லாத நாளாப் பாத்துத்தான் வருவா. ரெண்டரை வருசமா இருக்கறனுங்க," என்றார்.

நாற்பத்திரண்டில் இருபத்தெட்டு பதிவு செவ்வாய்க்கிழமையில் இருந்ததன் காரணம் எனக்குப் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை மகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "அனுப்புங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க," என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் நித்திலாவைக் கூப்பிட்டேன். கம்பெனியின் பெயரைச் சொல்லி, அவள் கேட்ட கதை எங்கள் தவறால் மாறிப்போன கதை என்றும், அவள் அப்பா அனுப்ப நினைத்தது வேறு என்றும் சொன்னேன். பின்னால் பெட்டிகளில் டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"இல்லீங்க. தப்பு எங்களோடது. அதச் சொல்றது எங்க கடமை. அவரு கடையில ஓடின அதே கதையை அனுப்பியிருக்கேன். கடைச் சத்தமும் சேந்துதான் இருக்கும். ஒருதடவை கேட்டுருங்க."

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஸ்கேன் படத்தில் ஏதோ சந்தேகம் வந்து டாக்டரிடம் கேட்பவள்போல் கேட்டாள்.

"கடைசியில ஒரு எடத்துல ரெக்கார்டிங் விட்டுப்போயிருக்குங்களா? கத்திரி சத்தத்தைக் காணோம்."

"விட்டுப்போகலீங்க. ஃபேன் சத்தம் ஓடுது பாருங்க."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழக்கதோஷம், நான் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு விநாடி. டேப் ஒட்டும் சத்தமும் நின்றிருந்தது. அப்புறம் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று மாலை அடைக்கலராஜ் மேலிடத்தோடு இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் கிடைத்தது ஒரு சின்னப் பொத்தான். திரையின் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் தெரியும். 'எழுதியவர் எழுதியபடி' என்று இருக்கும். வளர்ந்த கதைகள் வளர்ந்தபடியேதான் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் இன்றும் 'ம்' அதிகம். ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாலாயிரம் பேரும் ஜனங்கள்தானே.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி வாக்கில் என் திரையில் சௌந்தரராசுவின் பெயர் பச்சையில் வந்தது. நாற்பத்து மூன்றாவது தடவை. இன்னும் சந்தேகப் பட்டியலில் இருந்தார், அதனால் நேராக என் காதுக்கே வந்தார். நான் கேட்கத் தொடங்கினேன்.

வேறு பேச்சுச் சத்தம் இல்லை. வெட்ட ஆளில்லாத கடையில் கத்திரி மட்டும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. அவர் யாருக்கோ மரியாதை கொடுப்பதுபோல் ஒழுங்காக 'ம்' கொட்டினார். மழை வந்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு வம்பு பேசப் புறப்பட்டாள். ஒன்றுமில்லாத இடம், கதையில் அதைவிடச் சாதாரணமான வாக்கியம் கிடையாது. அந்த வாக்கியத்தின் நடுவில் கத்திரி நின்றது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே அது நின்றதே இல்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்தாள். அப்போது பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ வெளியிலிருந்து முழுக்க மேலே தூக்கும் சத்தம் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு பதிவைப் பாதியில் நான் கழற்றியது அதுதான் முதல் தடவை. அவர் என்ன சொன்னார், மனதில் இருந்ததைச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அது என் காதுக்கு வர வேண்டியதில்லை. பதிவை அழித்தேன். சத்தம் போய்விட்டது, எழுத்தில் வரும் குறிப்புகள் மட்டும் திரையில் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று நிமிடம் ஆனது. கதைசொல்லி "கேக்குறீங்களா?" என்று கேட்டது. பதில் இல்லை. இன்னும் மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டது. மூன்றாவது தடவையும் கேட்டுப் பார்த்துவிட்டு, கேட்பவருக்கு இந்தக் கதையில் ஆர்வம் போய்விட்டது என்று எழுதியது. அதை மட்டும் நான் திருத்தவில்லை.